கீழறை வாடை

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. மகள் வெள்ளிக்கிழமை மதியமே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று நாள் விடுப்புக்காகப் பணிமனையில் இரண்டு பேரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்ற வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் இறங்குவதற்குள் வாசலிலேயே வாடை அடித்தது.

தொலைபேசியில் நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த வாடைதான். இப்போதுதான் முதன்முறையாக மூக்கில் ஏறியது. நனைந்து காயாத கம்பளி மூட்டையை யாரோ பெட்டிக்குள் வைத்துப் பூட்டி மறந்ததுபோல இருந்தது. அதற்கு மேல் ஒரு ரோஜா வாசனையைத் தெளித்திருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக வந்தன.

வீடு குறுகலானது. மாடியில் இரண்டு படுக்கையறையும் ஒரு குளியலறையும். கீழே முன்னறை, சமையலறை, ஒரு சின்னக் கழிவறை, பின்பக்கம் ஒரு சிறிய அறை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்து வந்ததிலிருந்து, எட்டு மாதமாக, அந்தப் பின்னறைதான் அப்பாவுக்கு. மாடிப்படி அவருக்கு ஆகாது. அறை முழுக்கச் சுவருக்குச் சுவர் வெளிர்பழுப்பில் கார்ப்பெட் ஒட்டியிருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் ஓர் அலமாரி. இவ்வளவுதான்.

வாடை வந்தபோது யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாதபடி காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எழுபத்து நான்கு வயது. மருத்துவமனையில் ஒரு வாரம் சிறுநீருக்கு டியூப் போட்டிருந்தார்கள். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து, கைத்தடி ஊன்றி, கழிவறைக்குப் போகிறவர். அண்ணன் ஒரு நாள் காரில் உட்கார்ந்துகொண்டு தங்கைக்குப் போன் செய்தான். அப்பாவுக்கு அடக்க முடியவில்லை போலிருக்கிறது, கதவு வரைக்கும் போவதற்குள் ஆகிவிடுகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் பாவம் என்றாள். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, மானஸ்தர், உடைந்துபோவார் என்றும் அவளே சொன்னாள். அண்ணன், அண்ணி, தங்கை மூன்று பேரும் அதில் ஒரே கட்சி.

அந்த வாரமே அவள் மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான நாப்கின் ஒரு பெரிய பேக்கெட் வாங்கிப் பார்சலில் அனுப்பினாள். கூடவே ஒரு சீட்டில் ‘வசதிக்காக’ என்று எழுதியிருந்தாள். அப்பா அதைப் பிரிக்காமல் அலமாரியின் தலையில் வைத்துவிட்டார். ரோஷத்தைப் பார்த்தாயா என்று அண்ணன் போனில் சொன்னான்.

அப்பா என்ன செய்தாலும் அது சாட்சியாகிப்போனது. படுக்கை விரிப்பை அவர் யாரையும் தொடவிடமாட்டார். மூன்று நாளுக்கொரு முறை தானே உருவி, மெஷினில் போட்டு, காயவைத்து, மடித்து வைப்பார். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கடைசி மேசை அவருடையது. மடித்து வரும் விரிப்புக்குள் கையை விட்டு, மூக்கருகே கொண்டுபோய், ஈரம் மிச்சமிருந்தால் திருப்பி அனுப்புவதுதான் தொழில். அந்த மனிதர் தன் விரிப்பைத் தானே துவைப்பதை, மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை தோறும் அண்ணன் அவரைக் காரில் ஏற்றி முடிதிருத்துபவரிடமோ பூங்காவுக்கோ கூட்டிப்போவான். அந்த இரண்டு மணி நேரத்தில் அண்ணி அறைக்குள் முட்டி போட்டு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கார்ப்பெட்டைத் தேய்ப்பாள். சுடுதண்ணீர், ஷாம்பூ, வினிகர், சமையல் சோடா எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மாதம் வாடகைக்கு மெஷின்கூட வந்தது. கழுவிய இரண்டு நாள் தேவலை என்று இருக்கும். செவ்வாய்க்கிழமை வாடை முன்னைவிடக் கெட்டியாகத் திரும்பி வரும். வரும்போதெல்லாம், மறுபடியும் ஆகிவிட்டது என்று கணக்கு வைத்தார்கள்.

நடுவில் ஒருமுறை அப்பா, அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொன்னாராம். கழுவுவது தெரிந்து கூச்சப்படுகிறார் என்று அண்ணன் அதற்கும் பொருள் சொன்னான். தங்கைக்கு அது சரியென்றுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் அறைக்குள் போனபோது அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. வெளியே குளிர். அவள் பக்கத்தில் குந்தி, சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா என்று குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

“பஸ்ல ஏறுற கெழவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?”

“இல்லப்பா.”

“பின்ன, எனக்கு என்ன ஆச்சுன்னு இந்தக் குரல்?”

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். சாத்தாதே என்றார். பிறகு, எதற்காகத் தன்னை அனுப்புகிறார்கள் என்று கேட்டார். சண்டைக்குக் கேட்பதுபோல இல்லை. விலாசம் கேட்பதுபோல இருந்தது. அவள் அங்கே இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் இருப்பதைச் சொன்னாள். படி ஏறி இறங்க வேண்டியதில்லை என்றாள்.

“நான் கீழதானேம்மா இருக்கேன்,” என்றார்.

நன்றாக நடக்கிறார், தானே சமைத்துச் சாப்பிடுகிறார், பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். அவரை அனுப்புவதற்கு இந்த வாடையைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை. அதைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். அறையைவிட்டு வெளியே வரும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் அது அண்ணன் மேல் இறங்கியது. அப்பா தூங்கப் போன பிறகு, ஒரு கார்ப்பெட்டுக்காக மனுஷனை வெளியே அனுப்புகிறாயா என்று ஆரம்பித்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். அண்ணிதான் பதில் சொன்னாள். நான்கு மாதம் வந்து தேய்த்துப் பார், அப்புறம் பேசு என்றாள். முட்டித்தோல் கறுத்துப்போனதைக் காட்டினாள். தன் வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியவில்லை என்றாள், தன் துணியில்கூட அந்த வாடை இருக்கிறதோ என்று அலுவலகத்தில் தள்ளித் தள்ளி உட்காருவதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. தங்கைக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. போன வாரம் கழுவக்கூட இல்லை, போகப்போகிறவர்தானே என்று விட்டுவிட்டோம் என்று அண்ணி சொல்லி முடித்தாள்.

“சரி, நாளைக்கு நான் அந்தக் கார்ப்பெட்டையே பிச்சு எடுக்கறேன்,” என்றாள் தங்கை.

அண்ணன் முதன்முறையாக நிமிர்ந்தான். “எதுக்கு இப்போ? அதான் திங்கக்கிழமை போறாரே. அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

“போறவரைக்கும் அவர் அந்த நாத்தத்துலயே படுக்கணுமா?”

ஆள் வைத்து எடுக்க வேண்டும், அலமாரியை நகர்த்தினால் கால் உடைந்துவிடும், தரை எப்படியிருக்கும் என்று தெரியாது என்று அவன் வரிசையாகச் சொன்னான். வேலை செய்ய அலுப்புப்படுகிறவன் பேசுவதுபோலத்தான் இருந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல அவன் அப்பாவை முடிதிருத்துபவரிடம் கூட்டிப்போனான். கார் தெருமுனை திரும்பியதும் தங்கை கருவிப்பெட்டியிலிருந்து குறடும் ஒரு கத்தியும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மூக்கைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணி ரப்பர் கையுறையோடு குப்பைப்பைகளை விரித்தாள். இரண்டு பேரும் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். ராத்திரி எழுந்தால் அவர் கால் வைக்கும் இடம் எதுவோ, அங்கிருந்தே தொடங்கலாம் என்று தங்கை முடிவு செய்தாள். எப்படியும் பார்த்துத்தான் ஆக வேண்டியதை முதலில் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. தன் அப்பாவுடைய மூத்திரக் கறையைப் பார்க்கப் போகிறோம் என்று மனத்தைக் கெட்டியாக்கிக்கொண்டுதான் கத்தியை வைத்தாள்.

கார்ப்பெட் சுலபமாக வந்தது. அடியில் மஞ்சள் நுரைமெத்தை. அதில் கறை ஒன்றும் இல்லை. தொட்டால் உதிர்ந்தது. ஒரு சட்டைப் பொத்தானும் பேனா மூடியும் தூசியும் கிடந்தன. அவள் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். துப்பட்டாவை இறக்கிவிட்டு, குனிந்து முகர்ந்தாள். தூசியும் ஷாம்பூவும்தான்.

“அண்ணி, இங்க வாங்க.”

அண்ணியும் குனிந்து முகர்ந்தாள். உடனே கதவுப் பக்கம் நகர்ந்து அங்கேயும் ஒரு துண்டை வெட்டித் தூக்கினாள். அங்கேயும் அப்படித்தான். நான்கு மாதம் அவள் தேய்த்த இடம் அது. அங்கே ஒன்றுமே இல்லை.

வாடை மட்டும் அறை நிறைய இருந்தது. இரண்டு பேரும் நாலு காலில் தவழ்ந்தபடி முகர்ந்துகொண்டே போனார்கள். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அலமாரிப் பக்கம் போகப் போக கார்ப்பெட் கனத்தது. ஒரு முழம் தள்ளி வெட்டியபோது அது தரையிலிருந்து சப்பென்ற சத்தத்தோடு பிரிந்தது. நுரைமெத்தை பழுப்பாகி, பிழிந்தால் தண்ணீர் விடும்போலிருந்தது. சுவரோரம் கார்ப்பெட்டைப் பிடித்திருந்த ஆணிச்சட்டம் கறுத்து, விரல் பட்டதும் நொறுங்கியது.

அலமாரியை நகர்த்துவதற்காக அதிலிருந்ததை எடுத்து முன்னறை சோபாவில் போட்டார்கள். கீழ்த்தட்டில் இருந்த சட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அலமாரியின் கால் ஒன்றும் உடையவில்லை. பின்னால், முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுப்பாக இருந்தது. அதற்கு மேல் கூரை வரைக்கும், ஒரு கை அகலத்துக்கு, சுவரின் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக ஒரு பட்டை. பட்டி வைத்துப் பூசி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் கொப்பளித்து, ஒரு கொப்பளத்தின் நுனியில் நீர் கோத்து நின்றது.

நேர் மேலே மாடிக் குளியலறை. வருஷத் தொடக்கத்தில் ஆள் கூலி மிச்சம் என்று அண்ணன் தானே ஷவரை மாற்றிப் போட்டது.

அண்ணி அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரலால் பெயிண்ட்டைச் சுரண்டினாள்.

“இந்தப் பெயிண்ட் டப்பா எங்க ஷெட்லதான் இருக்கு,” என்றாள். “இந்த அலமாரி முன்ன ஜன்னல் பக்கம் இருந்துது. வெளிச்சம் மறைக்குதுன்னு உங்க அண்ணன்தான் இங்க தள்ளினார்.”

சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள். குளியலறைக்குப் போகும் தண்ணீர்க்குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு குளியலறைக் கதவைப் பூட்டும் சத்தம். இறங்கி வந்து சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனும் அப்பாவும் பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பாவின் முகம் மழமழவென்று இருந்தது. முன்னறையில் தன் சட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து அவர் கைத்தடியோடு அப்படியே நின்றார். அண்ணன் சட்டைகளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பின்னறைக் கதவைப் பார்த்தான், அலமாரி நடு அறையில் நிற்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. தங்கை அதைக் கவனித்தாள். பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறியவனுக்கும் எடுத்துத் தொலைத்தவனுக்கும் முகம் வேறாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அவள் பார்த்திருக்கிறாள்.

“உனக்குத் தெரியும்,” என்றாள்.

அவன் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினான். தெரியும் என்று சொல்ல முடியாது என்றான். சுவரில் ஒரு ஈரக்கறை வந்தது, ஷவர் வடிகுழாயின் இணைப்பைக் கொஞ்சம் முறுக்கினேன், பட்டி வைத்தேன் என்றான்.

“காஞ்சிடும்னு நெனச்சேன்.”

“வாடை வந்தப்போ?”

“சந்தேகம் வந்துது. ஆனா அதுக்குள்ள நீங்க எல்லாரும் அப்பாதான்னு சொல்லிட்டீங்க.”

தங்கை கையிலிருந்த குறடைத் தரையில் போட்டாள். போட்டது அவனைத் தாக்காமலிருக்கத்தான். நாங்கள் சொன்னோமா, போனில் முதலில் சொன்னது யார் என்று கத்தினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிளம்பர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போயிருப்பானே என்றாள். படியிலிருந்து அண்ணி, குரலை உயர்த்தாமல், நாலு மாசம் என்றாள். கொஞ்சம் பொறுத்து, நான் முட்டி போட்டுத் தேய்க்கும்போது வாசல்ல நின்னு பக்கெட் எடுத்துக் குடுத்தீங்களே என்றாள். சனிக்கிழமை காலையில் மாடியில் குளித்துவிட்டுத்தான் அவன் அந்தப் பக்கெட்டை எடுத்துக்கொடுப்பான். அது அவள் சொல்லாமலே அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அவன் மெதுவாகப் பேசுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றான்.

“கேக்கட்டும். உன் ஓட்டைக் குழாய்க்கு அப்பா மேல பழி போட்டு, அவரைக் கொண்டுபோய்...”

“என்ன பழி?” என்றார் அப்பா.

அவர் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. மூன்று பேரும் அவர் அங்கே நிற்பதை மறந்திருந்தார்கள். நான்கு மாதமாக அவரை வைத்துக்கொண்டே அவருக்குத் தெரியாமல் பேசிப் பழகியதில் வந்த மறதி.

ஒன்றுமில்லையப்பா, குழாய் ஒழுகியிருக்கிறது என்று மகள் தொடங்கினாள். அந்தப் பழைய இழுப்பு அவளை அறியாமலே குரலில் வந்துவிட்டது. அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். சட்டைகளை ஒதுக்கி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மகனைப் பார்த்தார்.

“நீ சொல்லு.”

அவன் சொன்னான். சுற்றி வளைத்துத்தான் சொன்னான். வயசு, ஆபரேஷன், எல்லாருக்கும் வருவதுதான் என்று தொடங்கி, அறையில் வந்த வாடை உங்களால் என்று நினைத்துவிட்டோம் என்று முடித்தான். என்னால் என்றால் எப்படி என்று அப்பா கேட்டார். அவன் கடைசியில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பா மழித்த தாடையைத் தடவினார். திறந்த கதவு வழியாக அலமாரி மேலிருந்த நாப்கின் பேக்கெட் தெரிந்தது. “ஆபரேஷன் ஆனவங்களுக்கெல்லாம் குடுக்கறதுன்னு நெனச்சேன்,” என்றார், மகளிடம். அவள் எதையாவது சொல்ல நினைத்தாள். வாயில் வந்ததெல்லாம் தனக்கே பொய்யாகப் பட்டது.

“அது பூஞ்சைன்னு முதல் நாளே எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “ஈரத்து மேல ஈரம் ஊத்தறீங்களே, ஊத்தாதீங்கன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன? சரிப்பா, நீங்க கவலப்படாதீங்கன்ன.” அவர் குரல் இப்போதுதான் ஏறியது. “முப்பத்தாறு வருஷம். ஆஸ்பத்திரித் துணி. எது மூத்திரம், எது ரத்தம், எது வெறும் ஈரம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். இந்த வீட்டுல ஒருத்தருக்கு என்னைக் கேக்கணும்னு தோணலியா?”

உங்கள் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான் என்று அண்ணன் சொல்லப் பார்த்தான். அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“யார் யார்கிட்டச் சொன்ன?”

டாக்டரிடம். அவர் இல்லத்துக்குக் கொடுத்த கடிதத்தில் காரணமாக அதையே எழுதியிருந்தார். இல்லத்துப் பொறுப்பாளரிடம். சித்தப்பாவிடம். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவன் கொஞ்சம் நிறுத்தினான். அதோடு முடிந்ததா என்று அப்பா கண்ணாலேயே கேட்டார். கடைசியாக, நீராவி மாமாவிடம் என்றான்.

சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவரை ஊரே நீராவி என்றுதான் கூப்பிடும். அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே சிநேகிதர். புதன்கிழமை தவறாமல் வந்து மூன்று மணி நேரம் சீட்டாடி, தோற்று, திட்டிவிட்டுப் போவார். நான்கு மாதமாக வரவில்லை.

“அவனுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியலன்னு சொன்ன.”

“நான்தான் வர வேண்டாம்னேன். வாடையோட உங்களப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு...”

அப்பா எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. மகள் தாங்கப் போனாள், அவர் விலக்கினார். அந்த மனுஷன் செத்துக்கித்துப் போயிட்டானோன்னு பேப்பர்ல தினமும் கடைசிப் பக்கம் பாக்கறேன் என்றார்.

“போன் போடு. சத்தமா வை. எனக்குக் கேக்கணும்.”

அண்ணன் போனை எடுத்தான், எண்ணைத் தேடினான், சாயங்காலம் பேசலாமே என்றான். அண்ணி படியிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் போட்டான். ஏழெட்டு முறை அடித்த பிறகு நீராவி எடுத்தார். பின்னணியில் ரேடியோ பாடியது. மாமா, அப்பாவைப் பற்றி அன்றைக்குச் சொன்னது தப்பு, அது குழாய் ஒழுகி வந்த வாடை என்று அண்ணன் வேகமாகச் சொல்லி முடித்தான்.

“ஒழுகவிட்டது யாரு?” என்றார் அப்பா, பின்னாலிருந்து.

“நான்தான்,” என்றான் அண்ணன். “எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துது மாமா. சொல்லல.”

ரேடியோவை யாரோ அணைத்தார்கள். நீராவி கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, அன்றைக்கு அறைக்குள் கால் வைத்ததுமே அது பூஞ்சை என்று தெரிந்தது என்றார். பெற்ற பிள்ளை கண் கலங்கிச் சொல்கிறான், அதில் நான் எப்படிக் குறுக்கே பேசுவது என்று வந்துவிட்டேன் என்றார். ஆனாலும் மனசு ஆறவில்லை, திரும்பி வந்து சொல்லிவிடலாமா என்று பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நின்றேன், தெரியுமா என்றார்.

அப்பா போனைப் பிடுங்கி வாயருகே வைத்தார். “தெரிஞ்சே நாலு மாசம் வராம இருந்தியாடா? இவன் பொய் சொன்னான். நீ மூக்கையே வித்துட்டியே.”

“வரேன்டா. இப்பவே கெளம்பறேன்.”

“வராத. நான் கூப்பிடும்போது வா.”

அவர் போனைத் திருப்பி மகனிடம் நீட்டினார். அடுத்தது சித்தப்பா என்றார்.

மகள் அங்கே நிற்க முடியாமல் பின்னறைக்குப் போனாள். கத்தியை எடுத்து நனைந்த கார்ப்பெட்டை நீள நீளமாகக் கிழித்தாள். அண்ணி வந்து சுருட்டிப் பையில் அடைத்தாள். இதைத்தான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். ஈரமான மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, தரையையும் சுவரையும் திறந்து போட்டு, மின்விசிறியை வைத்து, காய்கிற வரைக்கும் எதையும் மூடாமல் இருக்க வேண்டும். ரோஜாவும் சோடாவும் எல்லாம் அதற்கு அப்புறம். நனைந்த பைகள் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம் கனத்தன. இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டுவிட்டு வரும்போதெல்லாம் முன்னறையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. சித்தப்பா போனில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்றான்.

மூன்றாவது பையோடு அவள் கடந்தபோது, என்னோடு வந்து இருங்கள் அப்பா என்றாள். தயாராக வைத்திருந்த வார்த்தை இல்லை, தானாக வந்தது.

“எதுக்கு? இது என் ரூம்தானே,” என்றார் அவர். “நீங்க மூணு பேரும்தான் அதுல ஏதோ நாறுதுன்னு சொன்னீங்க. காயற வரைக்கும் இந்த சோபால படுத்துக்கறேன். இல்லத்துக்கெல்லாம் நான் போகல. திங்கக்கிழமை எட்டு மணிக்கு அங்க ஆள் இருப்பாங்க இல்ல, அப்ப இவன் நேர்ல போய்ச் சொல்லட்டும். போன் வேணாம்.”

பிறகு மகன் பக்கம் திரும்பி, டாக்டரைக் கூப்பிடு என்றார். சனிக்கிழமை, கிளினிக் மூடியிருக்கும் என்று அவன் சொன்னான். செய்தி விடும் வசதி இருக்கிறதே, நான் எத்தனை தடவை விட்டிருக்கிறேன் என்றார் அப்பா.

பதிவுக் கருவியின் பெண்குரல் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொன்னது. அண்ணன் அப்பாவின் முழுப்பெயரைச் சொன்னான். தேதியில் தடுமாறினான், மாதத்தை மாற்றிச் சொன்னான். திருத்திக்கொண்டு, கடிதத்தில் இருக்கும் காரணம் தவறு, அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, வீட்டில் ஒரு குழாய் என்று முணுமுணுக்கும்போதே நேரம் முடிந்து கருவி துண்டித்துக்கொண்டது.

அண்ணன் போனை மேசையில் வைக்கப் போனான்.

“திரும்பப் போடு,” என்றார் அப்பா. “தேதியிலேருந்து தெளிவா சொல்லு.”